திறந்த ஓடு, ஏறிய கோடு: ஒரு கெராங்கின் திசு ஆக்சிஜன் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆக்சிஜன் குறைத்த தண்ணீரில் இருந்த, கெராங் என்ற சேற்றுச் சிப்பி ஒன்றின் தசைக்குள் ஆக்சிஜன் அளக்கும் உணரி செருகி, இரவு முழுக்கப் பதிவு ஓடியது. தசையின் ஆக்சிஜன் அளவு வெகுநேரம் பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தது. விடியும் நேரத்தில் கோடு மெல்ல மேலே ஏறத் தொடங்கி, தொட்டித் தண்ணீரின் அளவை நெருங்கி நின்றது. காலையில் முதலில் வந்த மாணவி பதிவேட்டில் ‘மீள்கிறது’ என்று எழுதினார். தொட்டிக்குள் கெராங் செத்துக் கிடந்தது.

திசு ஆக்சிஜன் ஏறினால் உயிர் தேறுகிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். அந்த நினைப்பு எங்கே இடறுகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கேள்வி ஆய்வுக்கூடத்தில் பிறக்கவில்லை. பினாங்கின் செபராங் பிறை பக்கம் கெராங் மொத்த வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் கொண்டுவந்தார். ஜூரு கரைச் சேற்றுத் திட்டுகளிலிருந்து அவருக்குச் சரக்கு வரும். தொடர்மழைக்குப் பிறகு வந்த மூட்டைகளில் பாதிக்குப் பாதி வாய் பிளந்து கிடந்தனவாம். “தம்பி, தண்ணியில காத்து இல்லாமத்தான் செத்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க மெஷின் வச்சுப் பாத்துச் சொல்லுங்க” என்றார். கரைக்காரர்கள் கையில் இருந்த சாதாரண ஆக்சிஜன் மீட்டரோ, தண்ணீரில் ஆக்சிஜன் நன்றாகவே இருந்ததாகக் காட்டியிருக்கிறது. மீட்டர் பொய்யா, ஊர்ப்பேச்சு பொய்யா என்பதுதான் அவருடைய சண்டை.

கெராங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் கெராங் போட்டு வறுத்த சார் குவே தியாவ் நூடுல்ஸ் சாப்பிட்டவர்களுக்கு அதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அரைவேக்காட்டில் ஓட்டைப் பிளந்தால் சிவப்பாக ஒழுகுமே, அது இரத்தமேதான். பெரும்பாலான சிப்பிகளின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கத் தனிப் பொருள் எதுவும் கிடையாது. கெராங்குக்கு நம்மைப் போலவே ஹீமோகுளோபின் நிரம்பிய சிவப்பணுக்கள் உண்டு. அறிவியல் பெயர் டெகிலார்கா கிரானோசா. பழைய ஏடுகளில் அனடாரா கிரானோசா என்று இருக்கும். ஓட்டின் மேல் வரிவரியாக மேடும், மேட்டின் மேல் மணிமணியாக முடிச்சும் இருப்பதால் வந்த பெயர்.

சேறு இதன் வீடு. சேற்றில் ஒரு சில மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீழே ஆக்சிஜனே இருக்காது. அதற்கும் கீழே கறுத்த மண்ணில் அழுகிய முட்டை வாடையோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். அந்த இடத்தில் குடியிருக்கிற பிராணிக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பது அன்றாட வேலை. தண்ணீர் வற்றும்போது ஓட்டை மூடும், ஏறியதும் திறக்கும். ஆகவே ‘ஆக்சிஜன் குறைந்தால் கெராங் சாகுமா’ என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. எவ்வளவு நேரம், எந்த வெப்பத்தில், ஓடு திறந்தா மூடியா என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

முதலில் அலகு. மீட்டர்கள் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஆக்சிஜன் குறைவு என்பது உலகெங்கும் புழங்கும் ஒரு கோடு. ஆனால் திசுவுக்குள் ஆக்சிஜனைத் தள்ளுவது மில்லிகிராம் அல்ல, பகுதி அழுத்தம்; அதாவது ஆக்சிஜன் தன் பங்குக்கு மட்டும் தரும் அழுத்தம். காற்றோடு சமநிலையில் உள்ள தண்ணீரில் அந்த அழுத்தம் ஏறத்தாழ 20 கிலோபாஸ்கல். 29 டிகிரி வெப்பமும் 28 அளவு உப்புத்தன்மையும் (கிலோ தண்ணீரில் சுமார் 28 கிராம் உப்பு) உள்ள நம் கடல்நீர், காற்றோடு சமநிலைக்கு வந்தாலும் லிட்டருக்குச் சுமார் 6.6 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் ஏற்கும். அதில் 2 மில்லிகிராம் என்றால் 6 கிலோபாஸ்கலைச் சற்றுத் தாண்டும். 5 டிகிரி குளிர்ந்த கடலில் அதே 2 மில்லிகிராம் 4 கிலோபாஸ்கல் சொச்சம்தான். அழுத்தத்தை மட்டும் பார்த்தால் நம் கெராங்குக்கு வசதி. ஆனால் வெப்பம் கூடக்கூட அதன் ஆக்சிஜன் தேவையும் கூடிக்கொண்டே போகிறது. அங்கே அந்த வசதி காணாமல் போய்விடும். குளிர்நாட்டு ஆய்வில் வந்த எல்லைக் கோட்டை அப்படியே தூக்கி ஜூருவில் போடக்கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். இந்தக் கட்டுரையில் இனி வருவதெல்லாம் கிலோபாஸ்கல்தான்.

அடுத்தது கருவி. பழைய முறை கிளார்க் மின்முனை. 1950களில் லேலண்ட் கிளார்க் செய்தது. அது அளக்கும்போதே ஆக்சிஜனைத் தின்னும். கலக்கிக்கொண்டே இருக்கும் தண்ணீரில் அது பெரிய விஷயமில்லை. ஒரு கெராங்கின் தசைக்குள், ஏற்கெனவே துளியூண்டு இருக்கும் இடத்தில், அளக்கிற கருவியே பங்கு கேட்டால் சரிப்படாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டால் அதிலுள்ள வெள்ளி முனை கெட்டும் போகும். சேற்றுப் பிராணிக்கு இதுவும் தோதில்லை.

எனவே ஒளியிழை உணரி. தலைமுடி அளவு கண்ணாடி இழை. அதன் நுனியில் ஒளிரும் சாயம். ஒளியைப் பாய்ச்சினால் சாயம் சில பத்து மைக்ரோவினாடிகள் ஒளிர்ந்து மங்கும். பக்கத்தில் ஆக்சிஜன் மூலக்கூறு இருந்தால் அந்த ஆற்றலை அது வாங்கிக்கொள்ளும், சாயம் சீக்கிரம் மங்கும். எவ்வளவு சீக்கிரம் மங்குகிறது என்பதை வைத்து ஆக்சிஜன் எவ்வளவு என்று கணக்கு. இது ஆக்சிஜனைத் தின்னாது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் இதன் கூர்மையும் அதிகம், நமக்கு வேண்டியதும் அங்கேதான்.

இதிலும் ஒரு சனியன் உண்டு: வெப்பம். சாயம் மங்குவது வெப்பத்தைப் பொறுத்தும் மாறும். ஆய்வுக்கூடத்தில் ஏர்கான் 23 டிகிரியில் ஓடும், தொட்டி 29 டிகிரியில் இருக்கும். மேசை மேல் வைத்து அளவுதிருத்தம் செய்த உணரியைத் தொட்டிக்குள் விட்டால் எண் விலகிவிடும். எனவே பூஜ்யத் திருத்தத்துக்கான சோடியம் சல்ஃபைட் கரைசலும், காற்றேற்றிய கடல்நீரும் தொட்டியின் வெப்பத்திலேயே வைத்துத் திருத்தப்பட்டன. சல்ஃபைட்டிலிருந்து எடுத்ததும் நுனியை நன்றாக அலச வேண்டும்; ஒரு துளி ஒட்டியிருந்தாலும் அது தசைக்குள் போய் இருக்கிற ஆக்சிஜனையும் உறிஞ்சிவிடும்.

செருகுவதைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வெளிவரும் ஆய்வுகளில் இதற்கு ஒரு வரிதான் கிடைக்கும். ஓட்டைத் துளைக்கப் பல் மருத்துவர் பயன்படுத்தும் சின்னத் துளைமுனை. இரண்டு மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் வைத்தால் வழுக்காது. வெளி அடுக்கைத் தாண்டியதும் கிர்ரென்ற சத்தம் குறைந்து மந்தமாகும். அங்கேயே நிறுத்திவிட்டு மீதியை ஊசிமுனையால் கையால் திருகிக் குத்த வேண்டும். இயந்திரத்தையே உள்ளே விட்டால் சதை கிழியும். துளை சரியாக விழுந்ததும் ஒரு சொட்டுச் சிவப்பு எட்டிப் பார்க்கும். உடனே பல் சிகிச்சைக்கான மெல்லிய ரப்பர் தாளைச் சதுரமாக வெட்டி, சூப்பர் குளூ போட்டுத் துளை மேல் ஒட்டினால் அடைப்புத் தயார். அந்த ரப்பரைக் குத்திக்கொண்டுதான் சிரிஞ்சு ஊசி உள்ளே போகும். ஊசிக்குள்ளிருந்து இழை வெளியே நீளும்.

இழை எங்கே போய் நிற்க வேண்டும்? பாதத்தில் வைத்தால் பாதம் நீளும்போது இழை முறியும். செவுளில் வைத்தால் தண்ணீரின் அளவைத்தான் காட்டும். நாங்கள் தேர்ந்தெடுத்தது பின்பக்க மூடுதசை. அதிலும் ஓட்டோடு ஒட்டியிருக்கும் அடிப்பகுதி. தசை சுருங்கினாலும் அங்கே அசைவு குறைவு. இதயம் பக்கத்திலேயே இருப்பதால் கை கொஞ்சம் தவறினாலும் பிராணி போய்விடும். செருகிய பிறகு ஒரு நாள் முழுக்கச் சும்மா விட்டுவிட்டோம். காயம் ஆறாமல் எடுக்கும் எண், காயத்தின் எண்.

பதிவு தொடங்கியதும் மாணவிக்கு முதல் திகைப்பு. தண்ணீர் முழுக் காற்றேற்றத்தில், 20 கிலோபாஸ்கலில் இருக்கிறது. ஓடு திறந்திருக்கிறது. தசைக்குள் 2 கிலோபாஸ்கல்கூட நிற்கவில்லை.

“அண்ணா, சென்சார் கெட்டுப்போச்சா?”

“இல்லம்மா. அது அப்படித்தான் இருக்கும்.”

தண்ணீரில் மூச்சுவிடும் பல பிராணிகள், சுற்றிலும் ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும், இரத்தத்தில் அதை 1 முதல் 3 கிலோபாஸ்கலுக்குள் தாழ்வாகவே வைத்துக்கொள்கின்றன. பிரெஞ்சு ஆய்வாளர் ழான்-ஷார்ல் மசாபுவா இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். ஆக்சிஜன் மிகுந்தால் திசுவையே அரிக்கும் வேதிப்பொருள்கள் உண்டாகும் என்பதால், தேவைக்கு மேல் உள்ளே விடாமல் இருப்பது பிராணியின் கெட்டிக்காரத்தனம். பாலூட்டிகளின் உடலியல் படித்துவிட்டு வருபவர்களுக்கு இது ஜீரணமாகக் கொஞ்சம் நாள் ஆகும். எண் தாழ்வாக இருப்பதை மட்டும் வைத்து ‘அவதிப்படுகிறது’ என்று எழுதினால், நன்றாக இருக்கும் கெராங்கையெல்லாம் நோயாளி ஆக்கிவிடுவோம்.

அதோடு எண் ஒரே இடத்தில் நிற்கவும் இல்லை. கெராங் அவ்வப்போது தானாகவே ஓட்டை மூடும். மூடியதும் தசை ஆக்சிஜன் சரசரவென்று இறங்கி பூஜ்யத்தைத் தொடும், திறந்ததும் ஏறும். ஹீமோகுளோபின் சேமித்து வைத்திருப்பது சிறிய கையிருப்புதான். அது தீர்ந்ததும் இதயத் துடிப்பு மந்தமாகி, உடல் வேலைகள் சுருங்கி, ஆக்சிஜன் இல்லாத வழியில் ஆற்றல் தயாராகிறது. நம் தசையில் லாக்டிக் அமிலம் சேர்வதுபோல் இவற்றில் சக்சினேட், ஓபைன் முதலியவை சேரும். சேரும் அமிலத்தைச் சமாளிக்கத் தன் ஓட்டின் சுண்ணாம்பையே கொஞ்சம் கரைத்துக்கொள்ளும்.

அப்புறம்தான் ஆக்சிஜன் குறைப்பு. பெரும்பாலோர் செய்வது, தொட்டிக்குள் நைட்ரஜன் வாயுவைக் குமிழியிட்டு ஆக்சிஜனை வெளியேற்றுவது. சுலபம்தான், ஆனால் அந்தக் குமிழி கரியமில வாயுவையும் சேர்த்தே வெளியேற்றிவிடும். தண்ணீரின் பிஎச் ஏறும். கடலில் நடப்பது இதற்கு நேர்மாறு. அழுகல் ஆக்சிஜனைத் தின்னும்போது கரியமில வாயுவை வெளியே விடும், பிஎச் இறங்கும். ஆக்சிஜன் குறைவைச் சோதிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, கடலில் ஒருபோதும் இல்லாத ஒரு தண்ணீரில் பிராணியை வைக்கும் சோதனைகள் எத்தனையோ. நாங்கள் நைட்ரஜனோடு சிறிதளவு கரியமில வாயுவையும் கலந்து பிஎச்சைப் பிடித்து வைத்தோம். தண்ணீர் 6 கிலோபாஸ்கலுக்கு இறங்கியது, அதாவது அந்த 2 மில்லிகிராம் கோட்டுக்கு.

கெராங் அங்கே உடனே தவிக்கவில்லை. ஓட்டை வழக்கத்தைவிட அகலமாகவும் நீண்ட நேரமும் திறந்து வைத்தது. தசையின் எண் பழைய தாழ்நிலைக்கும் கீழே, 1 கிலோபாஸ்கலுக்குள் வந்தது. தண்ணீரை மறுபடி காற்றேற்றினால் எண் ஏறி, பழைய நிலையைத் தாண்டி, பிறகு இறங்கி அமர்ந்தது. கடன் அடைக்கும் காலம் என்று நான் அதைச் சொல்வேன். எண் எவ்வளவு தாழ்ந்தது என்பதைவிட, ஏறிய பிறகு அமர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதுதான் பிராணி பட்ட பாட்டை நன்றாகச் சொல்கிறது.

இனி அந்த ஒரு கெராங். அதற்கு நடுவில் காற்றேற்றம் தரவில்லை. தொடர்ந்து 6 கிலோபாஸ்கல் தண்ணீரிலேயே வெகுநேரம் வைத்தோம். தாக்குப்பிடிக்கும் எல்லையைப் பார்ப்பதுதான் நோக்கம். இரவில் ஓட்டை மூடிக்கொண்டது, எண் பூஜ்யம். விடியலில் கோடு ஏறத் தொடங்கி, 6-ஐ நெருங்கி நின்றது. இதைப் பார்த்துத்தான் ‘மீள்கிறது’.

திசுவின் ஆக்சிஜன் எண், வரவும் செலவும் சேர்ந்த மிச்சம். வரவு கூடினாலும் எண் ஏறும், செலவு நின்றாலும் எண் ஏறும். செத்த தசை ஆக்சிஜனைக் கேட்காது. மூடுதசை தளர்ந்து ஓடு பிளக்க, வெளித் தண்ணீர் உள்ளே புகுந்து, தசைக்குள் ஆக்சிஜன் ஊறி, தண்ணீரும் சதையும் ஒரே எண்ணுக்கு வந்துவிட்டன. உயிருள்ள கெராங்கின் தசை, வெளித் தண்ணீரின் அழுத்தத்தை எட்டிப் பிடித்ததே இல்லை. அந்த ஒரு குறிப்பே சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும் என்று மாணவிக்குச் சொன்னபோது, அவர் கரண்டிக் காம்பால் ஓட்டைத் தட்டிப் பார்த்தார். உயிருள்ளது என்றால் படக்கென்று மூடும். இது அசையவில்லை. சந்தையில் பாய் சரக்கை வாங்கும்போது செய்வதும் இதே சோதனைதான். விலையுயர்ந்த கருவி எதுவும் அதை மிஞ்சவில்லை.

இதே ஏற்றம் சாகாமலும் நடக்கலாம். ஹைட்ரஜன் சல்ஃபைடு, செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியையே அடைத்துவிடும். அப்போது ஆக்சிஜன் இருந்தும் திசு அதைத் தொடாது. எண் உயர்வாக இருக்கும், பிராணி நஞ்சேறிக் கிடக்கும். சேற்றில் வாழ்பவற்றை அளப்பவர்கள் ஏறும் கோட்டைப் பார்த்து மகிழ்வதற்கு முன் தண்ணீரை ஒருமுறை முகர்ந்து பார்ப்பது நல்லது.

ஆகவே ஓட்டின் திறப்பையும் கூடவே பதிவு செய்ய ஏற்பாடு செய்தோம். ஓட்டின் ஒரு பாதியில் பொட்டளவு காந்தம், மறுபாதியில் காந்தப்புலத்தை அளக்கும் ஹால் சென்சார். இடைவெளி கூடினால் காந்தப்புலம் குறையும், அவ்வளவுதான் சங்கதி. கருவி மலிவு. ஒளியிழைக்கும் காந்தத்துக்கும் பகை இல்லை. உயிருள்ள கெராங் திறந்து மூடிக்கொண்டே இருக்கும்; கோடு மேலும் கீழும் ஆடும். செத்தது அகலத் திறந்தபடி நேர்கோடாக நிற்கும். இரண்டு கோடுகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தால் சிறு பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும்.

இப்போது பாயின் கேள்விக்கு வரலாம். மழைக்குப் பின் சரக்கு செத்தது, மீட்டரோ ஆக்சிஜன் இருந்ததாகச் சொன்னது. தண்ணீரை முழுக் காற்றேற்றத்தில் வைத்துக்கொண்டு, உப்பை மட்டும் குறைத்துப் பார்த்தோம். உப்புத்தன்மை 10-ஐ நெருங்கியதும் கெராங்குகள் ஓட்டை இறுக மூடின. வெளியே 20 கிலோபாஸ்கல், உள்ளே பூஜ்யம். தண்ணீரில் காற்று இருந்தது. கதவைத்தான் அவை திறக்கவில்லை. ஆற்று முகத்தில் மழைநீர் இறங்கும்போது இதுதான் நடக்கும். நன்னீர் இலேசானது, மேலே மிதக்கும். உப்பு நீர் அடியில் தங்கும். தெலுக் பகாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்காவில், பந்தாய் கெராச்சுட் கடற்கரையை ஒட்டிய ஏரியில் ஆண்டின் சில காலங்களில் இப்படி நன்னீர் மேலும் கடல்நீர் கீழுமாகக் கலக்காமல் நிற்பதைப் பார்க்கலாம். ஜூரு திட்டுகளோ ஆழமில்லாதவை; வற்று நேரத்தில் மேலே மிதக்கும் அந்த நன்னீர் நேராகச் சேற்றின் மேல் வந்து படுத்துவிடும்.

பல நாள் மூடியே இருந்து, சேர்ந்த அமிலத்தோடு இருக்கும் கெராங்கைக் கரைக்காரர் வாரி மூட்டையில் போடுகிறார். மூட்டைக்குள் அது மறுபடி மூடியே இருக்க வேண்டும், அதுவும் நண்பகல் வெயிலில். கடன் அடைக்க அதற்கு நேரமே கொடுக்கப்படவில்லை. ஆக, மீட்டரும் பொய் சொல்லவில்லை, ஊர்ப்பேச்சும் முழுப் பொய் இல்லை. ஆக்சிஜன் இல்லாமல்தான் செத்தன, ஆனால் தண்ணீரில் இல்லாமல் அல்ல.

பாய் கேட்டது சுருக்கமாக: “அப்போ இந்த மெஷினை நான் வாங்கணுமா?”

வேண்டாம் என்றோம். உப்புத்தன்மை பார்க்கும் கைக்கருவி ஒன்று போதும். கண்ணாடி மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டர். மழைக்குப் பிறகு வாரும் சரக்கை நேரே மூட்டை கட்டாமல், சரியான உப்புத்தன்மையும் காற்றோட்டமும் உள்ள தண்ணீரில் கொஞ்ச நேரம் திறந்து மூச்சுவிட வைத்து, அப்புறம் நிழலில், ஈரச் சாக்கில் அனுப்பச் சொன்னோம். எவ்வளவு நேரம் என்பதற்குப் பதிவில் உள்ள அந்த இறங்கி அமரும் நேரமே அளவு. வெப்பத்தைப் பொறுத்து அது மாறுவதால், தொட்டியில் சில கெராங்கைத் தட்டிப் பார்த்துத் திறக்கின்றனவா, மூடுகின்றனவா என்று கவனித்து முடிவு செய்யச் சொல்லியிருக்கிறோம்.

ஆய்வுக்கூடப் பதிவேட்டின் வடிவமும் மாறியது. திசு ஆக்சிஜன் என்ற பத்தியை இனி தனியாக நிரப்ப முடியாது. பக்கத்தில் ஓட்டின் திறப்பு, தண்ணீரின் அழுத்தம், வெப்பம், உப்புத்தன்மை, பிஎச், உணரியின் நுனி தசையில் எந்த இடம் ஆகியவை இருந்தால்தான் அந்த வரி கணக்கில் சேரும். ‘மீள்கிறது’ என்று எழுத வேண்டுமானால் தட்டியதும் மூடியதா என்ற கட்டத்தில் குறி போட்டிருக்க வேண்டும். அந்தக் கட்டத்தைச் சேர்த்தது மாணவிதான்.